வேர்ட் திருத்தினால் நீங்கள் கற்பது எப்போது?

கல்லூரி முடித்து நான் எழுதிய முதல் வேலைத் தேர்வில், காகிதத்தில் ஓர் ஆங்கிலக் கடிதம் எழுதச் சொன்னார்கள். 'ரிசீவ்' என்ற சொல் மூன்று இடங்களில் வந்தது. மூன்றிலும் 'சி'க்குப் பிறகு 'இ, ஐ' என எழுதாமல் 'ஐ, இ' என்று எழுதிவிட்டேன். வேலை கிடைக்கவில்லை.

நான்கு வருடம் கம்ப்யூட்டரில் டைப் செய்த சொல்தான் அது. தவறு ஏன் தெரியவில்லை? எம்.எஸ். வேர்டில் உள்ள ஆட்டோகரெக்ட் வசதிதான் காரணம். ஸ்பேஸ் பாரைத் தட்டியதுமே அது சத்தமில்லாமல் திருத்திவிடும். அவசரக் கடிதத்திற்கு இது உதவி. ஆங்கிலம் பழகுபவருக்கோ தவறு கண்ணிலேயே படாது.

எனவே பயிற்சியின்போது இதை நிறுத்திவிடுங்கள். ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என வரிசையாகச் செல்லவும். 'ரீப்ளேஸ் டெக்ஸ்ட் ஆஸ் யூ டைப்' என்பதன் எதிரே உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு ஓகே கொடுக்கவும்.

இனி, தவறான சொல்லின் கீழ் சிவப்பு நெளிகோடு தெரியும். உடனே ரைட் க்ளிக் செய்யாதீர்கள். நீங்களே திருத்திப் பாருங்கள். சரியானால் கோடு மறையும். அந்தச் சொல்லை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

புதிய சொற்கள் வேண்டுமா? ஒரு சொல்லின் மேல் கர்சரை வைத்து ஷிப்ட், எஃப்7 கீகளைச் சேர்த்து அழுத்தவும். அதே பொருள் தரும் சொற்கள் தெசாரஸில் கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை: 'ஃப்ரம்' என்பதற்குப் பதில் 'ஃபார்ம்' என்று டைப் செய்தால் பெரும்பாலும் சிவப்புக் கோடு வராது. அதுவும் சரியான சொல்தானே! ஆகவே எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். தேர்வறையில் வேர்ட் உடன் வராது. நோட்டில் எழுதிப் பழகியது வரும்.