20 நோட்டிலும் ஒரே "ரீடிங்"! ஐ.டி.ஐ. காப்பியை மடக்குவது எப்படி?

சோளக்காடு

ஒரு வகுப்பில் 20 பையன்கள். 20 ரிக்கார்டு நோட்டு. எர்த் குழியில் மின்தடை எவ்வளவு என்று அளந்து எழுதச் சொன்னார் வாத்தியார்.

20 நோட்டிலும் ஒரே அளவு! புள்ளிக்குப் பிறகு வரும் எண் கூட மாறவில்லை!

இப்படி ஒரு கட்டு நோட்டு மேஜைக்கு வந்தால் என்ன அர்த்தம்? ஒருத்தன் அளந்தான், மற்ற 19 பேரும் பார்த்து எழுதினார்கள். அல்லது ஒருத்தனுமே அளக்கவில்லை, போன வருஷத்து அண்ணன் நோட்டு கை மாறி வந்திருக்கிறது!

எந்த ஊர் தொழிற்பயிற்சி நிலையமானாலும் வாத்தியார்களுக்குப் பழகிப்போன தலைவலி இது. ஒரு ஊரைச் சொல்லி ஒரு ஊரை விடுவதற்கில்லை.

இந்தக் காப்பி வேறு!

கொல்லிமலையில் காப்பி விளைகிறது. மிளகு விளைகிறது. பலா, வாழை, அன்னாசி எல்லாம் சோளக்காடு சந்தைக்கு வந்து குவிகிறது. காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்கள் மூட்டை மூட்டையாக வாங்கிப் போகிறார்கள்.

நாம் சொல்வது அந்தக் காப்பி அல்ல. பார்த்து எழுதும் காப்பி.

மலையில் பழங்குடிப் பிள்ளைகளுக்கென்றே அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தவன் பிட்டர், எலக்ட்ரீசியன் படிக்கலாம். 2 வருஷம். எட்டாம் வகுப்பு தேறியவனுக்கு வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகள் உண்டு. படித்து முடித்தால் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை இருக்கிறது, சேலத்தில் ஆலை இருக்கிறது. இல்லாவிட்டால் ஊரிலேயே வயரிங் வேலை.

அந்த வயரிங் வேலையில்தான் ஆபத்து.

குழிக்குள் என்ன இருக்கிறது?

எர்த் குழி என்றால் சும்மா ஒரு பள்ளம் அல்ல. குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, தண்ணீர் ஊற்றி ஈரம் காக்க வேண்டும். மோட்டாரிலோ, கிரைண்டரிலோ கரண்ட் கசிந்தால் அது இந்தக் குழி வழியாக மண்ணுக்குப் போய்விடும். பியூஸ் போகும். ஆள் தப்புவான்.

மண் காய்ந்திருந்தால் தடை ஏறும். மழை பெய்தால் இறங்கும். பாறை மண்ணில் ஒரு கணக்கு, வயல் மண்ணில் ஒரு கணக்கு. மலையில் இருபது அடி தள்ளிக் குழி வெட்டினால் அளவு மாறிப்போகும். அதனால்தான் எர்த் டெஸ்டரை வைத்து நேரில் அளந்து பார் என்கிறார்கள்.

காப்பி அடித்த பையனுக்கு அந்த எண் மட்டும்தான் தெரியும். டெஸ்டரின் கம்பிகளை எங்கே ஊன்றுவது, எவ்வளவு தூரம் தள்ளி ஊன்றுவது, எதுவும் தெரியாது. சர்டிபிகேட் வாங்கி வந்து ஒரு வீட்டுக்கு வயரிங் செய்கிறான். ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடப்போவது அந்த வீட்டு அம்மா!

செய்யுள் ஒப்பிக்கிற பரீட்சையில் ஒருத்தன் காப்பி அடித்தால் நஷ்டம் அவனுக்கு. இங்கே நஷ்டம் அடுத்தவனுக்கு.

நம்பர் பஞ்ச் வேலை

பிட்டர் பையன்கள் கதை இன்னும் சுவாரசியம். இரும்புத் தகட்டை அரத்தால் ராவி, மட்டம் பார்த்து, ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகிற மாதிரி செய்ய வேண்டும். அதற்கு "ஜாப்" என்று பெயர். முடித்த ஜாப்பில் பையன் தன் எண்ணை பஞ்ச் வைத்துத் தட்டிப் பதிக்க வேண்டும். ஆள் மாறக்கூடாது என்பதற்காக.

கில்லாடிகள் சும்மா இருப்பார்களா? சீனியர் செய்து போட்ட ஜாப்பைத் தேடி எடுத்து, பழைய எண்ணை ராவித் தள்ளிவிட்டுத் தன் எண்ணைப் பதிக்கிறார்கள். இரும்பு காட்டிக்கொடுத்துவிடும். ராவின இடம் மட்டும் பள்ளமாக இருக்கும். புது இடம் பளபளக்கும், மற்ற இடம் துருவேறி மங்கி இருக்கும். அனுபவப்பட்ட வாத்தியார் விரலால் ஒரு தடவு தடவினாலே போதும்.

இதற்காகவே சில பட்டறைகளில் மார்க் போட்டு முடிந்ததும் ஜாப்பில் ஒரு துளை போட்டுவிடுவது வழக்கம். செத்த ஜாப் மறுபடி உயிர் பெறாது.

சோளக்காடு சந்தை வியாபாரிகளுக்கு இதெல்லாம் புதுசா? மிளகு மூட்டையில் பப்பாளி விதையைக் கலந்தால் என்ன செய்கிறார்கள்? ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் போடுகிறார்கள். நல்ல மிளகு அடியில் போகும், பப்பாளி விதை மேலே மிதக்கும். தீர்ந்தது வழக்கு.

சதவீதக் கணக்கு செல்லாது!

பெரிய படிப்பில் இதற்குச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் விதி கொண்டுவந்தது. ஆராய்ச்சிக் கட்டுரையில் அடுத்தவர் எழுத்து 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை போனால் திருத்தி எழுதித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருஷம் தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து! கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் இருக்கிறது.

அந்தக் கம்ப்யூட்டரை ஐ.டி.ஐ. ரிக்கார்டு நோட்டு பக்கம் கொண்டுவந்தால் மானம் போய்விடும். ஓம் விதி எல்லோருக்கும் ஒன்றுதான். சர்க்யூட் படம் ஒன்றுதான். பார்க்கப் போனால் 20 நோட்டும் ஒரே மாதிரி இருந்தால்தான் சரி! மாற வேண்டியது ரீடிங் மட்டும். சில சமயம் இன்னொன்றும் மாட்டிக்கொடுக்கும்: தப்பு. ஒருத்தன் படத்தில் ஸ்விட்சை நியூட்ரல் கம்பியில் போட்டிருப்பான். அதே தப்பு வரிசையாக ஏழு நோட்டில் வரும்.

இப்போது செல்போன் வேறு. நோட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் நிமிஷத்தில் விடுதி முழுக்கப் போய்விடுகிறது. ஏ.ஐ.யிடம் கேட்டால் "செய்முறை, முடிவு" எல்லாம் அழகாக எழுதித் தருகிறது. டெஸ்டரைப் பிடிக்க அதற்குக் கை இல்லை!

வேலியே மேய்ந்தது

பையன்களை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயம் இல்லை.

அரசு பாலிடெக்னிக்குகளில் 1,058 விரிவுரையாளர்களை எடுக்க ஆசிரியர் தேர்வு வாரியம் 2017 செப்டம்பர் 16-ந் தேதி தேர்வு நடத்தியது. லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். ரிசல்ட் வந்தது. ஓ.எம்.ஆர். தாளைத் திரும்பச் சரிபார்த்தபோது தாளில் இருந்த மார்க் ஒன்று, பட்டியலில் இருந்த மார்க் ஒன்று! 196 பேருக்கு மார்க் தாறுமாறாக ஏறியிருந்தது. லட்சக்கணக்கில் பணம் கைமாறியதாக போலீசார் கூறினார்கள். பலர் கைதானார்கள். 2018 பிப்ரவரியில் தேர்வே ரத்து. மறு தேர்வு நடந்தது 2021 டிசம்பரில்.

யாருக்கான தேர்வு? நாளைக்கு வகுப்பில் நின்று "காப்பி அடிக்காதே" என்று சொல்லப் போகிறவர்களுக்கான தேர்வு! ஒழுங்காகப் படித்து எழுதியவர்கள் நாலு வருஷம் காத்துக் கிடந்தார்கள்.

அதே 2018-ல் இன்னொன்று. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஏப்ரல்-மே தேர்வில் மறுமதிப்பீட்டுக்கு 3 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். 73,733 பேர் தேறினார்கள். பணம் வாங்கிக்கொண்டு மார்க் போட்டதாக லஞ்ச ஒழிப்பு போலீசார் 10 பேர் மீது வழக்குப் பதிவு செய்தார்கள்.

இதெல்லாம் பேப்பரில் வந்த சேதி. மலை மேல் இருக்கிற பையனும் படித்திருப்பான். "பெரிய இடத்திலேயே இப்படி, நான் ஒரு பக்கம் பார்த்து எழுதினால் என்ன சார்?" என்று அவன் மனசில் ஓடாதா?

விரட்டினால் எங்கே போவான்?

மாட்டின பையனை என்ன செய்வது? சில பேர் சொல்வது, பேரை அடித்து வீட்டுக்கு அனுப்பு என்று.

எனக்கு இது சரியாகப் படவில்லை. மலையில் பல வீடுகளில் பத்தாம் வகுப்பைத் தாண்டின முதல் ஆள் இந்தப் பையன்தான். அரசுப் பள்ளியில் படித்து வந்தவனுக்கு மாதம் 1,000 ரூபாய் "தமிழ்ப் புதல்வன்" திட்டத்தில் வருகிறது. 2024-ல் தொடங்கியது. பெண்களுக்கு "புதுமைப் பெண்" 2022-லேயே வந்துவிட்டது. பேரை அடித்தால் அந்தப் பணமும் போச்சு, படிப்பும் போச்சு. அடுத்த வாரம் மிளகு பறிக்கக் கூலிக்கு நிற்பான்.

சும்மா விடுவதா என்றால் அதுவும் இல்லை. கிரைண்டர் அம்மாவை நினைத்துப் பாருங்கள்!

நல்ல வாத்தியார்கள் செய்வது ரொம்ப எளிசு. நோட்டை மூடி வைத்துவிட்டு, "வா தம்பி, குழிக்குப் போவோம். என் முன்னால் அளந்து காட்டு" என்கிறார்கள். அளந்து காட்டினால் புது ரீடிங்கை எழுதிக் கையெழுத்து வாங்கலாம். தெரியவில்லையா? சொல்லிக் கொடுத்து மறுபடி அளக்க வைக்கலாம். பூஜ்யம் போடுவதெல்லாம் அதற்கும் மசியாதவனுக்கு.

பரீட்சையின் போக்கும் இதுதான். தேசிய தொழிற்சான்றிதழுக்கு எழுத்துத் தேர்வில் 33 சதவீதம் எடுத்தால் போதும். செய்முறையில் 60 வேண்டும். எழுத்தை விடக் கைக்குத்தான் மரியாதை.

ஆங்கிலம் புரியாமல் பார்த்து எழுதுகிறவர்களும் உண்டு. இவர்களுக்குக் கிண்டியில் உள்ள நிமி நிறுவனம் தமிழிலும் பாடப் புத்தகம் போட்டிருக்கிறது. தமிழில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

வாத்தியார்கள் பக்கமும் ஒரு சங்கதி இருக்கிறது. நோட்டை அன்றைக்கன்றே பார்த்துத் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தால் பாதி காப்பி அங்கேயே நின்றுவிடும். பரீட்சைக்கு முந்தின வாரம் மொத்தமாக அடுக்கி வைத்துக்கொண்டு 20 நோட்டில் மளமளவென்று கையெழுத்துப் போட்டால், அதில் பையன் குற்றம் எவ்வளவு, வாத்தியார் குற்றம் எவ்வளவு? வருஷா வருஷம் அதே கணக்கு, அதே குழி, அதே அளவு. இந்த வருஷம் குழியை மாற்றி வெட்டச் சொல்லலாமே! கரியும் உப்பும் பெரிய செலவா?