மின்சாரத்துக்கு ஒரு புட்வால்வு

ஆத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் கிணற்று மோட்டாரைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீரை உறிஞ்சும் குழாயின் அடிநுனியில் ‘புட்வால்வு’ ஒன்று இருக்கும். தண்ணீர் மேலே ஏறும்போது அதன் மூடி திறந்துகொள்ளும். மோட்டார் நின்றதும், குழாயிலுள்ள தண்ணீரின் கனமே மூடியை அழுத்தி அடைத்துவிடும். மூடியில் ஒரு சிறு கல் சிக்கினாலும் போதும். விடிவதற்குள் குழாய் காலி. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால்தான் மோட்டார் மீண்டும் தண்ணீர் எடுக்கும்.

மின்சாரத்துக்கும் இப்படி ஒரு புட்வால்வு உண்டு. அதுதான் டையோடு, தமிழில் இருமுனையம் என்போம். நெல்மணியைவிடச் சிறிய கரிய உருளை. இரு பக்கமும் கம்பி. ஒரு முனையில் வெள்ளிக் கோடு. கோடு உள்ள பக்கமாக மின்னோட்டம் வெளியேறலாம், உள்ளே நுழைய முடியாது.

ஆனால் டையோடுக்குள் அசையும் மூடி எதுவும் இல்லை. பிறகு அடைப்பது எது?

சிலிக்கன் அணுவின் வெளிக்கூட்டில் 4 எலெக்ட்ரான்கள் உள்ளன. அதனுடன் 5 வெளி எலெக்ட்ரான்கள் கொண்ட பாஸ்பரசை மிகச் சிறிதளவு கலந்தால், பிணைப்புக்குத் தேவைப்படாத ஓர் எலெக்ட்ரான் மிஞ்சி உலவும். இது என்-வகைக் குறைகடத்தி. 3 வெளி எலெக்ட்ரான்கள் கொண்ட போரானைக் கலந்தால் ஓரிடம் காலியாக நிற்கும். அந்தக் காலியிடத்தை மின்துளை என்கிறோம். இது பி-வகை. ஒரே படிகத்தின் ஒரு பகுதி பி-வகையாகவும் மறுபகுதி என்-வகையாகவும் அமைந்தால் அதுவே டையோடு.

இரண்டும் சந்திக்கும் இடத்தில் எலெக்ட்ரான்கள் அருகிலுள்ள துளைகளில் விழுந்துவிடுகின்றன. அங்கே ஓடுவதற்கு எலெக்ட்ரானும் இல்லை, துளையும் இல்லை. நகராத அயனிகள் மட்டும் நின்று, மேற்கொண்டு வருபவற்றைத் தடுக்கின்றன. நாம் தேடிய மூடி இதுதான்.

பாட்டரியின் நேர்முனையைப் பி-பக்கத்திலும் எதிர்முனையை என்-பக்கத்திலும் இணைத்தால் துளைகளும் எலெக்ட்ரான்களும் சந்தியை நோக்கித் தள்ளப்படும், தடுப்பு மெலியும். சிலிக்கனில் சுமார் 0.7 வோல்ட் கிடைத்தாலே மின்னோட்டம் தாராளமாகப் பாயும். மாற்றி இணைத்தால் இரண்டும் சந்தியைவிட்டு விலகும். தடுப்பு இன்னும் அகலமாகும். ஓட்டம் ஏறக்குறைய நின்றுவிடும்.

இந்த ஒருவழிக் குணம் முதலில் தெரியவந்தது சிலிக்கனில் அல்ல. 1874இல் ஜெர்மனியின் பெர்டினாண்ட் பிரவுன் உலோக சல்பைடு படிகங்களில் இதைக் கண்டார். கல்கத்தா மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ், கலீனா என்ற காரீயத் தாதுவின்மேல் உலோக முனையைத் தொடவைத்து, கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளை உணரும் கருவி செய்தார். 1901இல் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை 1904இல் கிடைத்தது. குறைகடத்திக் கருவிக்குக் கிடைத்த முதல் காப்புரிமையாக அது கருதப்படுகிறது. சிலிக்கனில் பி-என் சந்தியை அமெரிக்காவின் ரஸ்ஸல் ஓல் 1940இல்தான் கண்டார்.

இன்று டையோடு இல்லாத வீடு ஏது? நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. செல்பேசி பாட்டரிக்கு வேண்டியதோ ஒரே திசை ஓட்டம். சார்ஜருக்குள் இருக்கும் டையோடுகள்தாம் அதை ஒழுங்குபடுத்துகின்றன. சில குறைகடத்திகளில் எலெக்ட்ரான் துளையில் விழும்போது ஒளி பிறக்கும், அதுவே எல்.இ.டி. விளக்கு. மாறாக, ஒளி விழுந்து எலெக்ட்ரானும் துளையும் பிரிந்தால் அது சூரிய மின்கலம்.

பள்ளியில் படித்த நாளில், தாத்தாவின் ரேடியோவுக்கு எலிமினேட்டர் இணைப்பை முனை மாற்றிக் கொடுத்தேன். சிறிது புகை வந்தது. அத்துடன் ரேடியோ மௌனமாகிவிட்டது. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. இணைப்பு வழியில் ஓரிரு ரூபாய் டையோடு ஒன்று இருந்திருந்தால் ரேடியோ பிழைத்திருக்கும் என்பது கல்லூரியில்தான் புரிந்தது.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். இரண்டு 1.5 வோல்ட் மின்கலங்கள், 2.5 வோல்ட் பழைய இழை டார்ச் பல்பு, ஒரு சிலிக்கன் டையோடு ஆகியவற்றைத் தொடராக இணையுங்கள். வெள்ளிக்கோடு எதிர்முனைப் பக்கம் இருந்தால் பல்பு எரியும், திருப்பினால் எரியாது. வீட்டு மின்சாரத்தில் மட்டும் இதைச் செய்யவே கூடாது; உயிருக்கு ஆபத்து.

டையோடை எடுத்துவிட்டுப் பல்பை நேராக இணைத்தால் ஒளி சற்றுக் கூடும். ஏன்? விடை இக்கட்டுரையிலேயே இருக்கிறது.