உப்பளத்து நாய் கடிச்சா யார் பொறுப்பு? சோறு போட்டவரா, பேரூராட்சியா?

மரக்காணம்:

மரக்காணம் உப்பளங்களில் வேலை தொடங்குவது விடியற்காலை இருட்டில். வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்க வேண்டும் என்பதால் 3 மணி, 4 மணிக்கே டார்ச் லைட்டோடு கிளம்பி விடுகிறார்கள். ஆண்களும் பெண்களும் பாதிப்பேர் வெறுங்காலில். அந்த நேரத்தில் கிழக்கு கடற்கரை சாலை ஓரத்திலும், உப்பள வரப்பிலும் விழித்திருக்கும் இன்னொரு கூட்டம் நாய்கள்தான்.

இந்த நாய்களில் பல, முழுசா தெருநாயும் இல்லை, முழுசா வீட்டு நாயும் இல்லை. பகலில் தூக்குவாளி சோற்றில் மீதியைத் தின்னும். ராத்திரி உப்பு அம்பாரத்துக்கு பக்கத்தில் கொட்டகையில் படுக்கும். கேட்டால் "அது இங்கேயே கிடக்குதுங்க" என்பார்கள். ஆனால் அது ஒருத்தரை கடித்து விட்டால் உடனே "அது எங்க நாய் இல்லை" என்று ஆகிவிடும். கடிபட்டவர்தான் நடுவில் நிற்பார்.

சட்டம் இதை எப்படி பார்க்கிறது? லைசென்ஸ் இருக்கிறதா, கழுத்தில் பட்டை இருக்கிறதா என்பது முதல் கேள்வியே இல்லை. நாய் யார் வசம் இருந்தது என்பதுதான் முதல் கேள்வி.

6 மாதம் ஜெயில்

2024 ஜூலை 1-ந்தேதி முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் 291-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தன் வசம் இருக்கும் ஒரு விலங்கால் மனித உயிருக்கோ, பலத்த காயத்துக்கோ ஆபத்து வரலாம் என்ற நிலையில், அதை தடுக்க வேண்டிய ஏற்பாட்டை தெரிந்தோ அலட்சியமாகவோ செய்யாமல் விட்டவருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனை சட்டத்தில் இது 289-வது பிரிவு. அப்போது அபராதம் வெறும் ஆயிரம் ரூபாய்தான்.

இதில் கவனிக்க வேண்டிய வார்த்தை "தன் வசம்". கொட்டகையில் சங்கிலி போட்டு கட்டி, ராத்திரி காவலுக்கு அவிழ்த்து விடும் நாய், வாங்கியது யாராக இருந்தாலும் கட்டி வைத்தவர் வசம்தான் இருக்கிறது. இறால் பண்ணை காவல் நாய்க்கும், கிழக்கு கடற்கரை சாலை பண்ணை வீட்டு நாய்க்கும் இதே கணக்குதான். "நான் சம்பள ஆளுங்க, முதலாளி நாய்" என்று வாட்ச்மேன் சொன்னால், கேள்வி முதலாளி பக்கம் திரும்பும்.

அப்படியானால் போகிற வழியில் ஒரு பிஸ்கட் போட்ட பாட்டி மாட்டிக் கொள்வாரா? மாட்டார். சோறு போட்டதால் மட்டும் ஒருவர் நாய்க்கு சொந்தக்காரர் ஆகி விடமாட்டார். தினமும் போட்டு, கட்டி, தன் வேலைக்கு பயன்படுத்துகிற போதுதான் கதை மாறும்.

வீட்டு நாய்க்கு வீட்டுக்காரர், தெருநாய்க்கு பேரூராட்சி

2001-ல் வந்த நாய் கருத்தடை விதிகளை மாற்றி, 2023 மார்ச்சில் மத்திய அரசு புது விதிகளை கொண்டு வந்தது. வீட்டில் வளர்க்கும் நாய்க்கு பூச்சி மருந்து, தடுப்பூசி, கருத்தடை எல்லாம் வளர்ப்பவர் பொறுப்பு. தெருநாய்க்கு கருத்தடையும் வெறிநோய் தடுப்பூசியும் உள்ளாட்சி பொறுப்பு. மரக்காணத்தில் அது பேரூராட்சி, சுற்றியுள்ள குப்பங்களில் ஊராட்சி. அதையும் இஷ்டத்துக்கு செய்ய முடியாது. விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்பு மூலமாகத்தான் நாயை பிடிக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்த நாய்க்கு அடையாளமாக காதில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும்.

"பிடிச்சிட்டு போன நாயை மறுபடி இங்கேயே கொண்டு வந்து விட்டுட்டாங்களே" என்று ஜனங்கள் கோபப்படுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. விதியே அதுதான். 2025 ஆகஸ்ட் 22-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டும் இதைத்தான் உறுதி செய்தது. டெல்லி தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்க வேண்டும் என்று ஆகஸ்ட் 11-ந்தேதி 2 நீதிபதிகள் போட்ட உத்தரவை, 3 நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் மாற்றியது. கருத்தடை செய்து ஊசி போட்ட நாயை பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் பிடித்த, அல்லது ஆக்ரோஷமாக பாய்கிற நாயை மட்டும் விடக்கூடாது. கண்ட தெருவில் சோறு போடக்கூடாது, அதற்கென்று வார்டு வார்டாக இடம் ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. மாநிலங்கள் எல்லாவற்றையும் இந்த வழக்கில் சேர்த்து விட்டார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 7-ந்தேதி இன்னொரு உத்தரவு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம், பஸ் நிலையம், ரெயில் நிலையம் ஆகிய இடங்களில் இருந்து நாய்களை அகற்ற வேண்டும், அவற்றை திரும்ப அங்கேயே விடக்கூடாது என்பது அந்த உத்தரவு. பள்ளிக்கூட வாசலில் நாய் தொல்லை என்றால் பேரூராட்சியில் மனு எழுதும்போது இந்த தேதியை குறிப்பிட்டு எழுதலாம். மனுவுக்கு எடை கூடும்.

சென்னை சட்டம் இங்கே செல்லுமா?

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கு பகுதி பூங்காவில், காவலாளியின் 5 வயது மகளை 2 ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறிய சம்பவம் தமிழ்நாட்டையே உலுக்கியது. அதன் பிறகு சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய் லைசென்சை கண்டிப்பாக்கியது. லைசென்ஸ் இல்லாமல் வளர்த்தால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2025-ல் அறிவித்தது. வெறிநோய் ஊசி போட்ட சான்று இல்லாமல் லைசென்ஸ் கிடையாது.

டி.வி.யில் இதைப் பார்த்து விட்டு "நமக்கும் 5 ஆயிரமா?" என்று பயப்பட வேண்டாம். அது சென்னை எல்லைக்கு உட்பட்டது. மரக்காணம் பேரூராட்சி, 1998-ம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டத்தின் கீழ் வருகிறது. அந்த சட்டத்துக்கான விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. நாய் பதிவு, கட்டணம் பற்றி பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டு, ரசீதோடு செய்து கொள்வது நல்லது. ஆனால் லைசென்ஸ் எந்த ஊரில் எப்படி இருந்தாலும் 291-வது பிரிவு நாடு முழுக்க ஒன்றுதான். இதை மறந்து விட்டுத்தான் பலர் சங்கிலி இல்லாமல் நாயை பீச்சுக்கு கூட்டிப் போகிறார்கள்.

பீச் என்றதும் இன்னொன்று. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்த கடற்கரையில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும். மணலை தோண்டி முட்டையை தின்பதில் நாய்கள் கில்லாடி. இந்த ஆமை வனவிலங்கு சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதாவது புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. பக்கத்தில் கழுவேலி 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்து விட்டது. அங்கே நாயை அவிழ்த்து விட்டால் வனத்துறை சும்மா இருக்காது.

அடிச்சு கொன்னா 5 வருஷம்

கடித்த கோபத்தில் நாயை கட்டையால் அடித்தே கொன்று விடுவது, கறியில் விஷம் வைப்பது எல்லாம் நடக்கத்தான் செய்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவின்படி விலங்கை கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனப்படுத்தினாலோ 5 ஆண்டு வரை ஜெயில். கடிக்க விட்டவருக்கு 6 மாதம், அடித்துக் கொன்றவருக்கு 5 ஆண்டா என்று வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

கொல்லக் கூடாது என்பதற்கு உங்களுக்கே லாபமான காரணமும் உண்டு. கடித்த நாயை 10 நாள் கட்டி வைத்து பார்க்க வேண்டும். 10 நாளும் சாப்பிட்டு, குரைத்து, நல்லபடியாக இருந்தால் கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் வெறிநோய் கிருமி இல்லை என்று அர்த்தம். நாயை கொன்று புதைத்து விட்டால் அந்த தகவலும் அதோடு போச்சு. அதற்காக 10 நாள் கழித்து ஊசி போடலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஊசியை அன்றைக்கே தொடங்கி விட வேண்டும்.

புண்ணில் உப்பு வைக்காதீங்க

தமிழ்நாட்டில் 2024-ல் மட்டும் சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம் பேரை நாய் கடித்தது. வெறிநோயால் 43 பேர் இறந்தார்கள். நோய் முற்றி, தண்ணீரை கண்டால் தொண்டை இழுக்கிற நிலை வந்து விட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஆனால் கடித்த உடனே சரியாக ஊசி போட்டுக் கொண்டால் ஏறக்குறைய எல்லோரும் பிழைத்து விடுகிறார்கள்.

கடித்த இடத்தில் மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் வைப்பது எல்லா ஊர் பழக்கம். நம்ம ஊரில் கைக்கு எட்டுவது உப்பு. எதையும் வைக்கக் கூடாது. சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். பாத்தியில் இருப்பது உப்புத் தண்ணி. அதனால் குடிக்க கொண்டு போன தண்ணீர் மொத்தத்தையும் ஊற்றி முதலில் கழுவி விட்டு, பக்கத்தில் குழாய் இருக்கிற இடத்துக்கு ஓடுங்கள். கொட்டகையில் ஒரு துணி சோப்பு எப்போதும் கிடந்தால் போதும், 10 ரூபாய் விஷயம்.

அரசு ஆஸ்பத்திரியிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஊசி இலவசம். "தொப்புளை சுத்தி 14 ஊசி" என்பதெல்லாம் பழைய கதை. அந்த மருந்து தயாரிப்பையே 2004 டிசம்பரோடு நிறுத்தி விட்டார்கள். இப்போது தோலில் போடும் ஊசி, 4 தடவை. முதல் ஊசி திங்கட்கிழமை என்றால் அடுத்தது வியாழன், அடுத்தது மறு திங்கள், கடைசி 28-வது நாள். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்தை சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போட வேண்டும். அது இல்லை என்று சொன்னால் எங்கே இருக்கிறது என்று கேட்டு, திண்டிவனமோ, புதுச்சேரி ஜிப்மரோ அன்றைக்கே போக வேண்டும்.

தினக்கூலிக்காரர்கள் தடுமாறுவது இங்கேதான். 4 ஊசி என்றால் 4 நாள் வேலை கெடும். 2 ஊசியோடு வலி போய்விடும், புண்ணும் ஆறிவிடும். "சரியாத்தானே இருக்கு" என்று 3-வது ஊசிக்கு போகாமல் உப்பு வார போய்விடுகிறார்கள். வெறிநோய் கிருமி உடம்பில் ஏறி வேலையை காட்ட பெரும்பாலும் 1 முதல் 3 மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வருடம் கூட ஆகும். புண் ஆறியதை வைத்து கணக்கு போடக் கூடாது. மேஸ்திரிகள் இந்த 4 நாளுக்கு முகம் சுளிக்காமல் விட்டாலே பெரிய உதவி. சின்ன பிள்ளைகளை நகத்தால் பிராண்டியிருந்தாலும் இதே வைத்தியம்தான். திட்டுவார்கள் என்று பயந்து பிள்ளைகள் மறைக்கும், கேட்டுப் பாருங்கள்.

நஷ்டஈடு கிடைக்குமா?

2023 நவம்பரில் பஞ்சாப், அரியானா ஐகோர்ட்டு ஒரு பல் பட்டதற்கு குறைந்தது 10 ஆயிரம் ரூபாய் என்று நஷ்டஈடு நிர்ணயித்தது பெரிய செய்தி ஆனது. அது அந்த மாநிலங்களுக்கு மட்டும். இங்கே நாயின் உரிமையாளர் தெரிந்தால் அவர் மேல் போலீசில் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்க வேண்டும். ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு, ஊசி போட்ட அட்டை, காயத்தின் போட்டோ, பார்த்தவர் பெயர் இவை கையில் இருக்க வேண்டும். வேலை கெட்ட நாட்களுக்கும் கோர்ட்டில் கேட்க இவைதான் ஆதாரம்.

உரிமையாளர் தெரியாத நாய் என்றால் பேரூராட்சி செயல் அலுவலரிடம் மனு. பதில் இல்லை என்றால் விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் மனு, அல்லது 1100-க்கு போன்.

உப்பு விற்கப் போய் நாய்க்கு பயந்து நின்ற கதை நம்ம ஆட்களுக்கு புதுசும் இல்லை. அகநானூறு 140-வது பாட்டில், நெல்லுக்கு உப்பு என்று சேரியில் கூவிப் போகிற பெண்ணை பார்த்து வீட்டு நாய் குரைக்க, அவள் மிரண்டு போவதை அம்மூவனார் பாடி வைத்திருக்கிறார். அந்த நாய்க்கு வீடு இருந்தது, வீட்டுக்காரரும் இருந்தார்.

கொட்டகையில் நாய் வைத்திருப்பவர்கள் அதை அரசு கால்நடை மருந்தகத்துக்கு ஒரு தடவை கூட்டிப் போனால் போதும். 3 மாத குட்டியில் முதல் ஊசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி வருடா வருடம் ஒன்று. ஜூலை 6 மற்றும் செப்டம்பர் 28 தேதிகளை ஒட்டி வெறிநோய் தடுப்பூசி முகாம்கள் இலவசமாக நடக்கும். அங்கே கொடுக்கும் அட்டையை ரேஷன் கார்டு மாதிரி பத்திரமா வையுங்கள். நாய் கடித்து போலீஸ் வந்தால் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.