சத்தமில்லாமல் பறிபோகும் பார்வை

சர்க்கரை பரிசோதனைக்குச் சுகாதார நிலையம் வருகிறவர்களின் விழித்திரையைச் சிறு கேமராவில் படம் பிடிக்கும் 'நயனாமிர்தம்' திட்டத்தைத் திருவனந்தபுரம் மாவட்டத்தில்தான் கேரள அரசு முதலில் பரிசோதித்தது. 2025-ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் கம்ப்யூட்டர் உதவியுடன் கிளாக்கோமாவையும் தேடுகிறார்கள்.

தேடினால்தான் அகப்படும் நோய் அது. பெரும்பாலும் வலியில்லை, கண் சிவப்பதில்லை. விழிக்குள் சுரக்கும் திரவம் சரிவர வடியாமல் அழுத்தம் கூட, சுமார் 10 லட்சம் இழைகள் கொண்ட பார்வை நரம்பு மெல்ல அழிகிறது. (அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு கெடுவதுண்டு.) ஓரப் பார்வைதான் முதலில் போகும், பக்கத்தில் வரும் ஸ்கூட்டர் கண்ணில் படாதபோதுதான் பலருக்குச் சந்தேகமே எழுகிறது. அரவிந்த் கண் மருத்துவமனை தென் தமிழகக் கிராமங்களில் நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆய்வில், இந்நோயின் முக்கிய வகையால் பாதிக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

கண்புரை என்றால் லென்ஸ் வைத்துப் பார்வையை மீட்கலாம். இங்கே போனது போனதுதான். சொட்டு மருந்தோ லேசரோ அறுவை சிகிச்சையோ அழுத்தத்தைக் குறைத்து மிச்சத்தைக் காக்கும், அவ்வளவே. ஆனால், 'மருந்து போட்டும் தெளியவில்லையே' என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் ஏராளம்.

நோயாளியின் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம். துணைக்கு வரும் தம்பியோ, பெரும்பாலும் தன் கண்ணைக் காட்டாமலே பஸ் ஏறிவிடுகிறார்.