சிறையாளர் உழைப்பும் பொதுக்கட்டடங்களும்

தண்டனை பெற்றோரைப் பொதுவேலைகளில் ஈடுபடுத்தல் தகுமோ என்னும் வினா நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருவது. அதன் நன்மை தீமைகளை ஒருங்கே காட்டுவது சிங்கப்பூர் வரலாறு.

சென்னை மாகாணத்தில் தண்டிக்கப்பட்டுச் சுமாத்திராவின் பெங்கூலனில் வைக்கப்பட்டிருந்த 80 கைதிகள் 1825ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற் சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டனர். வங்காளத்துக் கைதிகளும் அடுத்து வந்து சேர்ந்தனர். காடு வெட்டல், சதுப்பு நிலம் தூர்த்தல், வீதி அமைத்தல் ஆகியன இவர்கள்மீது சுமத்தப்பட்டன. நாளடைவிற் பலர் செங்கல் அறுத்தல், தச்சு, கொல்லு முதலிய தொழில்களிலும் தேர்ச்சி பெற்றனர்.

1856இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1862இல் அபிடேகஞ் செய்யப்பெற்ற அந்திரேயர் பேராலயம் இவர்தம் உழைப்பின் பயனே. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, சர்க்கரை என்பவற்றை அரைத்து, தேங்காய்மட்டை ஊறிய நீர் கலந்து அமைத்த சென்னைச் சுண்ணச்சாந்தே அதன் சுவர்களுக்குப் பூசப்பட்டது. 1869இல் நிறைவெய்திய தேசாதிபதி மாளிகையும், இன்று சனாதிபதியின் இஸ்தானாவாக விளங்குவதும், இவர்கள் கட்டியதே.

கைதிகள் ஆறு வகுப்புக்களாகப் பிரிக்கப்பட்டனர். நன்னடத்தையுடையோர் மேல்வகுப்புக்கு உயர்ந்தனர். முதல் வகுப்பினர் அனுமதிச்சீட்டுடன் வெளியே வாழலாயினர். காவலர்களும் கைதிகளுள்ளிருந்தே தெரியப்பட்டனர். அரசினர்க்குச் செலவு குறைந்தது. கைதிக்கு நம்பிக்கை பிறந்தது. அச்சிறை 1873இல் மூடப்பட்டது.

எனினும், மலிவான உழைப்பிற் சுவைகண்ட அரசு தண்டனையை வருவாயாகக் கருதத் தொடங்குமாயின் நீதி தளரும். அமெரிக்கத் தென்மாநிலங்களிற் கைதிகள் தனியார்க்குக் குத்தகைக்கு விடப்பட்டுப் பெருங்கொடுமைக்கு ஆளாயினர். அலபாமாவில் அவ்வழக்கம் 1928 வரை நீடித்தது. 1930ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழில் உடன்படிக்கை, நீதிமன்றத் தீர்ப்பின்படி பொது அதிகாரியின் மேற்பார்வையில் நடைபெறும் சிறைவேலையைக் கட்டாய வேலை எனக் கொள்ளாது விலக்கிற்று. ஆயினும் கைதிகளைத் தனியார்க்கு ஒப்படைத்தலை அது ஏற்கவில்லை. கடூழியத் தண்டனை பெற்றோர்க்கும் நியாயமான கூலி வேண்டுமென இந்திய உச்ச நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது.

ஆகவே, வேலை பொதுநலத்துக்காதல், தொழில் கற்பித்தல், தக்க கூலி வழங்கல் என்னும் மூன்றும் பொருந்தியவிடத்தே சிறையாளர் உழைப்பு அறத்தோடு இயைவதாகும். சிங்கப்பூரில் முதலிரண்டும் ஓரளவு அமைந்தன, மூன்றாவது அமையவில்லை. பேராலயத்தை வரைந்த மக்பேர்சனின் பெயரை வரலாறு போற்றுகின்றது. அதன் சுவர்களை எழுப்பியோர் பெயர்களோ மறைந்தன.