ஒரே டைனோசர், மூன்று விலை: வகை அறிந்தவருக்கே வியாபாரம்

வியாபாரத்தில் பொருளின் பெயரை அறிந்தவர்கள் அதிகம். அந்தப் பொருளில் எத்தனை வகை உண்டு, எந்த வகைக்கு என்ன பெறுமதி என்று அறிந்தவர்கள் குறைவு. ஊவாவில் தேயிலையோடு பழகிய எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. ஒரே தோட்டம், ஒரே தொழிற்சாலை என்றாலும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் பருவத்தில் அரைத்த தூளின் மதிப்பு வேறு, மழைக்காலத் தூளின் மதிப்பு வேறு. சலித்து பீ.ஓ.பி. என்றும் பீ.ஓ.பி.எப். என்றும் பிரித்தால் அதிலும் விலை மாறுகிறது. இரத்தினக்கல் வியாபாரிகளைக் கேட்டுப் பாருங்கள். சூடாக்கிய நீலக்கல்லுக்கும் சூடாக்காத நீலக்கல்லுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று சொல்வார்கள்.

இதே கணக்கு பிளாஸ்டிக் டைனோசர் பொம்மையிலும் இருக்கின்றது என்றால் சிலர் சிரிக்கலாம். பதுளை நகரில் பென்சி சாமான்களும் விளையாட்டுப் பொருட்களும் விற்பவன் என்ற முறையில், சிரிப்பதற்கு முன் இதைக் கொஞ்சம் கேளுங்கள் என்பேன்.

என் கடைக்கு இரண்டு விதமான டைனோசர் வாடிக்கையாளர்கள் வருகின்றார்கள். ஸ்பிரிங்வெலி, தெமோதரை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சம்பளம் எடுத்த கையோடு வரும் பெற்றோர் முதல் வகையினர். ஒரு பையில் பத்துப் பன்னிரண்டு டைனோசர் அடைத்து வருகின்றதே, அதைப் பிள்ளைக்கு வாங்குவார்கள். மலிவு, பிள்ளைக்குச் சந்தோஷம், விடயம் முடிந்தது. இரண்டாவது வகையினர் எண்ணிக்கையில் சிலர்தான். ஓர் ஆசிரியர், ஒரு வங்கி உத்தியோகத்தர், வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் சில இளைஞர்கள். இவர்கள் "டைனோசர் இருக்கா?" என்று கேட்பதில்லை. "நானா, ஸ்பைனோசோரஸ் இருக்கா? வால் துடுப்பு மாதிரி வந்ததா, பழைய வாலா?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த கடைக்காரரிடம் அவர் திரும்பி வருவார். தெரியாதவரிடம் ஒரு முறையோடு சரி.

வடிவம் ஏன் மாறுகின்றது?

டைனோசர்கள் அழிந்து ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றது. கண்டவர் எவருமில்லை. கிடைத்த எலும்பை வைத்துத்தான் உருவம் செய்கின்றார்கள். புதிய எலும்பு கிடைத்தால் உருவமும் மாறும். லண்டன் கிறிஸ்டல் பெலஸ் பூங்காவில் 1854இல் வோட்டர்ஹவுஸ் ஹோக்கின்ஸ் என்ற சிற்பி முழு அளவில் டைனோசர்களைச் செய்து வைத்தார். அதில் இக்வானோடன் என்ற விலங்கின் மூக்கில் ஒரு கொம்பு இருந்தது. 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் அதே விலங்கின் எலும்புக்கூடுகள் பல கிடைத்தபோதுதான் அது கொம்பல்ல, கைப்பெருவிரலில் இருந்த முள் என்று உறுதியானது. ஆக, டைனோசர் உருவத்தில் பழைய வடிவம், புதிய வடிவம் என்ற பேதம் இன்று நேற்று வந்ததல்ல.

மேலே சொன்ன ஸ்பைனோசோரஸின் கதை இன்னும் சுவையானது. இதன் எலும்புகள் 1912இல் எகிப்தின் பஹரியா பாலைவனச் சோலையில் கிடைத்தன. ஜெர்மனியரான ஏர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் 1915இல் பெயர் வைத்தார். மியூனிக் அருங்காட்சியகத்தில் இருந்த அந்த எலும்புகள் 1944இல் நடந்த குண்டுவீச்சில் அழிந்து போயின. 2001இல் வெளியான மூன்றாவது ஜுராசிக் பார்க் படம் இந்த விலங்கை நீண்ட கால்களில் நிமிர்ந்து நடக்கும் பெரும் வேட்டைக்காரனாகக் காட்டியது. பொம்மைகளும் அப்படியே வந்தன. பின்னர் மொரோக்கோவில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த நிசார் இப்ராஹிம் குழுவினர், இதன் பின்னங்கால்கள் குட்டையானவை, இது நீரில் வாழ்ந்தது என்று 2014இல் எழுதினர். 2020இல் அதே குழுவினர், வால் துடுப்பைப் போல அகன்றிருந்தது என்று அறிவித்தனர். ஆக, ஒரே பெயருக்கு இருபது ஆண்டுகளுக்குள் மூன்று உருவங்கள். மூன்றுமே சந்தையில் இருக்கின்றன. விஞ்ஞானம் பார்ப்பவர் மூன்றாவதைக் கேட்பார். படம் பார்த்து வளர்ந்தவர் முதலாவதைத் தேடுவார். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிப் பார்ப்பவருக்கு மூன்றும் வேண்டும்.

இறகு விடயமும் இப்படித்தான். 1996இல் சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் இறகு போன்ற மென்முடி கொண்ட சைனோசோரோப்டெரிக்ஸ் வெளியானது. மங்கோலியாவில் கிடைத்த வெலோசிராப்டர் ஒன்றின் கையெலும்பில் இறகு ஊன்றியிருந்த புடைப்புகள் இருப்பதை 2007இல் காட்டினார்கள். அதன் பிறகு தரமான தயாரிப்பாளர்கள் இறகு வைத்த உருவங்களைச் செய்யத் தொடங்கினர். டைரனோசோரஸ் தோலில் செதில்களே தெரிகின்றன என்று 2017இல் ஓர் ஆய்வு சொன்னது. இறகு வைத்த டிரெக்ஸ் வாங்கியவரும் இறகு இல்லாததை வாங்கியவரும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கின்றார்கள். அவர்களுடைய வாதம், நம்முடைய வியாபாரம்.

நம் ஊவா மலைகள் டைனோசர் காலத்துக்கு மிக முந்திய பாறைகளால் ஆனவை. இங்கே எவ்வளவு தோண்டினாலும் அந்த எலும்பு கிடைக்காது. அயலில் பார்த்தால், குஜராத்தில் கிடைத்த ஒன்றுக்கு 2003இல் ராஜசோரஸ் என்று பெயர் வைத்தார்கள். கொல்கத்தாவில் நிற்கும் பராபாசோரஸ் எலும்புக்கூட்டின் முழுப்பெயரில் கவிஞர் தாகூரின் பெயர் இருக்கின்றது. தமிழ்நாட்டின் அரியலூர்ப் பகுதியிலும் டைனோசர் படிவுகள் உண்டு. வாங்க வரும் தகப்பனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பொம்மை பாடப்புத்தகமாகிவிடும். பையில் வரும் மலிவுச் சாமானுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. தரமான உருவத்துக்குத்தான் பொருந்தும்.

யார் தயாரிக்கின்றார்கள்?

இத்துறையில் சில பெயர்களை அறிந்திருப்பது அவசியம். இங்கிலாந்தின் இன்விக்டா நிறுவனம் 1970களில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துடன் சேர்ந்து ஒரே நிறத்தில் டைனோசர்களை வார்த்தது. மாஸ்டர்மைண்ட் என்ற விளையாட்டைச் சந்தைக்குக் கொண்டு வந்ததும் இதே நிறுவனம்தான். அமெரிக்காவின் சபாரி நிறுவனம் பிட்ஸ்பர்க் கார்னகி அருங்காட்சியகத்தின் பெயரில் 1988 முதல் 2015 வரை ஒரு வரிசையை நடத்தியது. பட்டட் நிறுவனம் பொஸ்டன் விஞ்ஞான அருங்காட்சியகத்துக்காக 1990களில் செய்தவை சில ஆண்டுகளில் நின்று போயின. அவற்றில் சில, நீண்ட காலத்தின் பின் டெரா என்ற பெயரில் மீண்டும் வந்தன. ஜெர்மனியின் ஷ்லைக், பிரான்சின் பாப்போ, ஹொங்கொங்கின் கலெக்ட்ஏ, சீனாவின் பி.என்.எஸ்.ஓ. ஆகியவை இத்துறையில் அதிகம் பேசப்படும் ஏனைய பெயர்கள்.

இதில் வியாபாரி கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒப்பந்தம் முடிந்து தயாரிப்பு நின்றதும் அந்த வரிசை வேறு சாமானாகிவிடுகின்றது. நேற்று அலுமாரியில் தூசு படிந்த உருவத்தை இன்று ஒருவர் தேடி வருவார். ஆனால் நின்றுபோன எல்லாமே விலை ஏறும் என்று நம்பிப் பணத்தைப் போடாதீர்கள். அதே அச்சு மறுபடி ஓடினால் பழையதன் விலை இறங்கவும் கூடும். டெராவின் கதை அதைத்தான் சொல்கின்றது.

கையில் எடுத்தால் எதைப் பார்ப்பது?

முதலில் வயிற்றின் அடியைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர், விலங்கின் பெயர், ஆண்டு, தயாரித்த நாடு ஆகியவை அங்கே இருக்கும். அந்த ஆண்டு பெரும்பாலும் உருவம் வடிவமைக்கப்பட்ட ஆண்டு. உங்கள் கையில் இருக்கும் பிரதி வார்க்கப்பட்ட ஆண்டு என்று நினைத்துவிடக் கூடாது. 1988 என்று பொறித்திருப்பது பல ஆண்டுகள் கழித்து வார்த்ததாகவும் இருக்கலாம். நிறத்தைக் கொண்டுதான் முந்தியதா பிந்தியதா என்று பிரிப்பார்கள். ஒரே அச்சில் நிறம் மட்டும் மாறி வருவது இத்துறையில் வழமை.

அடுத்தது வர்ணம். கண், பல், நகம் மூன்றையும் பாருங்கள். கண்ணின் புள்ளி இடம் விலகியிருந்தால் சேகரிப்பவர் அதைத் திருப்பி வைத்துவிடுவார். அவர் நான்கைந்தை வரிசையாக நிறுத்தி ஒன்றைத் தெரிந்தெடுப்பார். கோபப்படாதீர்கள். மாம்பழம் வாங்கும்போது நாமும் அதைத்தானே செய்கின்றோம்.

பிறகு அளவு விகிதம். நாற்பதில் ஒன்று என்றால் நாற்பது அடி விலங்கு ஓரடியாக வரும். ஒரே விகிதத்தில் சேர்ப்பவருக்கு விகிதம் தெரியாத உருவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இரண்டு காலில் நிற்கும் உருவங்கள் சூட்டில் வளைந்து முன்னால் சாய்வதுண்டு. சுடுநீரில் சிறிது நேரம் வைத்து, காலைச் சரிசெய்து, உடனே குளிர்நீரில் அமிழ்த்தினால் நிமிர்ந்துவிடும். நல்ல உருவங்களைக் கடைக் கண்ணாடிக்கு அருகில் வெயிலில் வைக்காதீர்கள், நிறம் வெளிறும். பழைய பி.வி.சி. உருவங்கள் சில பிசுபிசுக்கத் தொடங்கும். அவற்றை இறுக்கமான பொலித்தீன் பையில் பூட்டி வைக்க வேண்டாம்.

நகலும் நாணயமும்

இத்துறையின் பெரிய ஆபத்து நகல்தான். அசலிலிருந்து அச்செடுத்து வார்க்கும்போது உருவம் கொஞ்சம் சிறுக்கும். தோலின் செதில்கள் மழுங்கும். விரல்கள் ஒட்டிக்கொள்ளும். வயிற்றின் அடியில் பெயர் இராது, அல்லது அழித்த தடம் இருக்கும்.

2022இல் நடந்தது இது. மார்ச் மாதத் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. இறக்குமதிச் சாமான் கைக்குக் கிடைப்பதே பெரும் பாடு. அந்நேரத்தில் கொழும்பு மொத்த வியாபாரி ஒருவர், அசல் என்று சொல்லி எனக்கு ஒரு பெட்டி அனுப்பினார். பிரித்துப் பார்த்தேன். அத்தனையும் நகல். அழைத்துக் கேட்டதற்கு, "பதுளையில் யாருக்குத் தெரியப் போகுது நானா?" என்றார். பெட்டியைத் திருப்பி அனுப்பினேன். பணம் திரும்ப மூன்று மாதம் எடுத்தது. அந்த மூன்று மாதமும் அலுமாரியில் ஒரு தட்டு வெறுமையாகவே இருந்தது. கடை வாடகை நிற்கவில்லை.

அவருடைய கேள்விக்குப் பதில் இருக்கின்றது. பதுளையில் தெரியும். கையடக்கத் தொலைபேசி வைத்திருக்கும் பையன் கடையில் நின்றபடியே படத்தை ஒப்பிட்டுப் பார்க்கின்றான். நகலை அசல் விலைக்கு விற்றால் போவது ஒரு வாடிக்கையாளர் மட்டுமல்ல. சேகரிப்பவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். பண்டாரவளையில் நடந்தது மறுநாள் பசறைக்குத் தெரிந்துவிடும். மேலே காய்ந்த தானியத்தைப் பரப்பி நனைந்ததைக் கீழே மறைத்த வியாபாரியின் வரலாறு நம் எல்லோருக்கும் தெரிந்தது. பொம்மைக்கும் அதே சட்டம்தான்.

நகல் விற்பவரைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. பெயரில்லாத மலிவுப் பொம்மையை மலிவுப் பொம்மை என்றே சொல்லி விற்றால் வாங்குபவர் ஏமாறுவதில்லை. ஆனால் பிறருடைய வடிவத்தைத் திருடி, பிறருடைய பெயரையும் ஒட்டி வருவதைத் தொடாதீர்கள். மலிவுச் சாமானிலும் ஒன்றைக் கவனியுங்கள். பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் தலேட் எனும் இரசாயனங்களில் சிலவற்றைக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் சட்டமியற்றிக் கட்டுப்படுத்தியது. அமெரிக்காவும் 2008இல் அவ்வாறு செய்தது. மணம் மூக்கைத் துளைக்கும் சாமானை, வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்கு நான் கொடுப்பதில்லை.

உருவப் பொருள் என்பதால் இன்னொரு கேள்வியும் எழும். பிள்ளைகளின் விளையாட்டுக்குக் கொடுப்பது பற்றியும் அலங்காரமாக வீட்டில் வைப்பது பற்றியும் உலமாக்களின் கருத்துக்கள் வேறுபடுகின்றன. இதில் இறங்க விரும்புவோர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

தொடங்க விரும்புவோருக்கு

பெரிய முதல் போட வேண்டாம். கடையின் பிரதான வியாபாரம் பை டைனோசராகவே இருக்கட்டும். பக்கத்தில் ஒரே ஒரு தட்டை நல்ல உருவங்களுக்கு ஒதுக்குங்கள். யார் எதைக் கேட்டார் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முற்பணம் வாங்கிக்கொண்டு வரவழைத்தால் சாமான் தேங்காது. ஒவ்வொன்றின் அருகிலும் நிறுவனம், ஆண்டு, விகிதம், புதியதா, பழையதா, மறுபடி வந்ததா என்று சிறிய அட்டையில் எழுதுங்கள். குறை இருந்தால் அதையும் எழுதுங்கள். விலையைப் பேரம் பேசும் வாடிக்கையாளர், அட்டையைப் படித்த பிறகு பேரத்தைக் குறைப்பதை நான் கண்டிருக்கின்றேன்.

இணையத்தில் வாங்கும் வசதி இன்று தோட்டத்து லயம் வரை வந்துவிட்டது. விலையில் அதோடு போட்டி போட நம்மால் முடியாது. ஆனால் பொருளைக் கையில் கொடுத்து, கண்ணையும் நகத்தையும் பார்க்கவிட்டு, "இது இந்த வகை, இதற்குத்தான் இந்த விலை" என்று முகம் பார்த்துச் சொல்ல இணையத்தால் முடியாது. டைனோசருக்கு மட்டுமல்ல, நீங்கள் விற்கும் கைக்கடிகாரம், பேனை, சமையற் பாத்திரம் எதற்கும் இது பொருந்தும். உங்கள் சாமானில் எத்தனை வகை உண்டு என்பதை, வாங்க வருபவருக்கு முன்னதாக நீங்கள் படித்து வைத்திருங்கள்.