ஒரு சதுரக் காகிதம்

மழைக்காலத்தில் பழைய நோட்டுத் தாளைக் கிழித்துக் கப்பல் செய்து, வாசலில் ஓடும் நீரில் விட்டு மகிழாதவர் நம்மில் யார்? விளையாட்டு என்று நாம் எண்ணும் இதனை ஜப்பானியர் ஓர் உயர்ந்த கலையாகப் போற்றி வளர்த்துள்ளனர். அதற்கு ‘ஓரிகாமி’ என்று பெயர். ‘ஓரி’ என்றால் மடித்தல். ‘காமி’ என்றால் காகிதம். கத்தரிக்கோலும் பசையும் இல்லாமல், ஒரே சதுரத் தாளிலிருந்து கொக்கும் தவளையும் தாமரையும் உருவாக்குவதே இக்கலையின் சிறப்பு.

இதற்கு அடிப்படையான மடிப்புகள் இரண்டே. மடித்த கோடு மேல்நோக்கி நின்றால் அது ‘மலை மடிப்பு’. கீழ்நோக்கித் தாழ்ந்தால் ‘பள்ளத்தாக்கு மடிப்பு’. சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் வாழும் நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ! அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் சாலையே மலைமேல் மடித்து வைத்த நாடாவைப் போன்றதுதானே! அகிரா யோஷிசாவா (1911–2005) என்னும் ஜப்பானியக் கலைஞர், இம்மடிப்புகளைப் புள்ளிக்கோடுகளாலும் அம்புக்குறிகளாலும் வரைந்து காட்டும் முறையை வகுத்தார். அதனால் ஜப்பானிய மொழி அறியாதவரும் படத்தைப் பார்த்தே மடிக்க முடிகிறது.

இக்கலைக்கும் நம் மண்ணுக்கும் உள்ள தொடர்பைப் பலர் அறியார். 1893-ஆம் ஆண்டு சென்னையில், டி. சுந்தர ராவ் என்பவர் காகித மடிப்பின் மூலம் வடிவகணிதம் கற்பிக்கும் நூல் ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். மழலையர் கல்விக்கு வழிகாட்டிய ஜெர்மானிய அறிஞர் ஃப்ரோபெலின் விளையாட்டுப் பொருள்களுள் ஒன்றான வண்ணக் காகிதச் சதுரங்களே அவருக்கு இந்த எண்ணத்தைத் தந்தன. சில காகிதத் துண்டுகளும் ஒரு பேனாக்கத்தியும் போதும் என்றார் அவர். சதுரம், முக்கோணம், ஐங்கோணம் என்று தொடங்கிக் கல்லூரிக் கணிதம் வரை மடித்தே காட்டினார். ஜெர்மனியின் பெரும் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் இதனைக் குறிப்பிட்டார். அக்குறிப்பைக் கண்ட அமெரிக்கப் பேராசிரியர் இருவர், 1901-இல் இதனைச் சிகாகோவில் மறுபதிப்புச் செய்தனர்.

தோழியரே, அவர் வழியில் நாமும் ஒன்று செய்து பார்ப்போமா? சதுரத் தாள் ஒன்றை எடுத்து, வலப்பக்க ஓரம் இடப்பக்க ஓரத்தின் மேல் படியுமாறு நெடுக்காக மடித்துப் பிரியுங்கள். நடுவில் ஒரு கோடு கிடைக்கும். இனிக் கீழ் இடது மூலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, கீழ் வலது மூலையைத் தூக்கி அந்த நடுக்கோட்டின் மேல் படும்படி மடியுங்கள். மூலை தொட்ட இடத்தில் ஒரு புள்ளி வைத்துப் பிரியுங்கள். அப்புள்ளியைக் கீழ் மூலைகள் இரண்டுடனும் கோடிட்டு இணைத்தால் சமபக்க முக்கோணம் வந்துவிடும்!

காரணம் எளிது. மடித்ததால் காகிதம் நீளவும் இல்லை, குறையவும் இல்லை. ஆகவே இடது மூலையிலிருந்து புள்ளி வரையுள்ள தூரம், சதுரத்தின் அடிப்பக்கத்திற்குச் சமம். புள்ளி நடுக்கோட்டில் இருப்பதால் வலது மூலையிலிருந்தும் அதே தூரம். மூன்று பக்கமும் சமமாயிற்று. கரும்பலகையில் கண்டு அஞ்சிய தேற்றம் நம் விரல்நுனிக்கே வந்துவிட்டது அல்லவா?

இக்கலை வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. ஜப்பானிய விஞ்ஞானி கோரியோ மியூரா கண்ட மடிப்பு முறையில் அடக்கிய சூரிய மின்தகடு, 1995-இல் விண்வெளிக்குச் சென்று அங்கே விரிந்தது. ஹிரோஷிமா அணுகுண்டின் கதிர்வீச்சால் நோயுற்று, 1955-இல் தன் 12-ஆம் வயதில் மறைந்த சடாகோ சசாகி என்னும் சிறுமி, மருத்துவமனைப் படுக்கையில் மடித்த காகிதக் கொக்குகள் இன்று உலக சமாதானத்தின் சின்னமாக விளங்குகின்றன. ஆயிரம் கொக்குகள் மடித்தால் வேண்டியது நிறைவேறும் என்பது அந்நாட்டு நம்பிக்கை.

ஓரிகாமியில் அவசரம் உதவாது. முதல் மடிப்பு நூலிழை பிசகினாலும் கடைசியில் கொக்கின் கழுத்து கோணும். எனினும், தவறினால் தாளைப் பிரித்து மீண்டும் மடிக்கலாம். பழைய கோடு தாளில் இருக்கும், ஆனால் கொக்கு பறக்க அது தடையாகாது. அடுத்த முறை நோட்டில் ஒரு தாள் வீணானால் கசக்கி எறியாதீர்கள். சதுரமாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்!